ஃபுளோரன்ஸில் ஒரு கூடுதுறை

நம் வயதுக்காரர்கள் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும்போது மாத்திரை, ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாவற்றையும் கணக்குப் பண்ணி எடுத்து வைத்துக்கொள்கிறோம். பயணக் காப்பீடும் எடுக்கிறோம். அந்தக் காப்பீட்டுத் தாளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். போன இடத்தில் உயிர் போய்விட்டால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவை இவ்வளவு ரூபாய் வரை தருவோம் என்று. அந்த வரியை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. ஆனால் எல்லோர் கண்ணும் ஒரு நொடி அதில் நின்றுவிட்டுத்தான் நகரும்.

விமானமும் காப்பீடும் இல்லாத காலத்தில் இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்திருப்பார்கள்? 1870-ஆம் ஆண்டு அப்படி ஒன்று நடந்தது. இறந்தவர் முதியவர் அல்ல, இருபது வயது இளைஞர். சாதாரண ஆளும் அல்ல, மராட்டிய நாட்டுக் கோலாப்பூர் சமஸ்தானத்தின் அரசர். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய கடைசி நாட்களைப் பற்றியும், அதற்குப் பிறகு அந்த அயலூர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும் இன்று எழுதுகிறேன்.

முதலில் கோலாப்பூர் அரச வம்சத்துக்கும் நமக்கும் உள்ள ஒரு பழைய உறவைச் சொல்லிவிடுகிறேன். சத்ரபதி சிவாஜியின் இளைய மகன் பெயர் ராஜாராம். ஔரங்கசீப்பின் படை மராட்டிய நாட்டுக்குள் புகுந்தபோது அவர் தப்பித் தெற்கே வந்து புகுந்த இடம் நம் செஞ்சிக் கோட்டை. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை அந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் மராட்டிய அரசின் தலைநகரமே செஞ்சிதான். ராஜாராம் 1700-இல் காலமானார். அவருடைய மனைவி தாராபாய் விடாமல் போரை நடத்தினார். ராஜாராமின் கிளை பின்னாளில் கோலாப்பூரில் தனி அரசாக நிலைத்தது.

நாம் பேசப்போகும் இளைஞர் பெயரும் ராஜாராம்தான். இரண்டாம் ராஜாராம் என்பார்கள். 1850-இல் பாட்டங்கர் என்ற குடும்பத்தில் பிறந்தவர். கோலாப்பூர் அரசருக்கு மகன் இல்லாததால் தத்து வந்து, 1866-இல் பட்டத்துக்கு வந்தார். தத்து என்பது அன்று சாதாரண விஷயமாக இருக்கவில்லை. ஆண் வாரிசு இல்லை என்று சொல்லி 1848-இல் சதாராவையும், 1855-இல் நம் தஞ்சாவூரையும் கும்பினியார் எடுத்துக்கொண்டார்கள். 1857-இன் பெருங்கலகத்துக்குப் பிறகுதான் தத்துப்பிள்ளையை ஏற்கும் மனம் ஆங்கிலேயருக்கு வந்தது. அந்த மாற்றம் வராமல் போயிருந்தால் கோலாப்பூரும் தஞ்சாவூர் போன வழியே போயிருக்கும்.

அரண்மனையில் அவருக்கு ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. ஐரோப்பாவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. இதில் ஒரு பெரிய தடை இருந்தது. கடல் தாண்டினால் சாதி கெடும் என்பது அன்றைய வழக்கம். பதினெட்டு ஆண்டு கழித்து, 1888-இல், காந்தி லண்டனுக்குப் படிக்கக் கிளம்பியபோதே அவரைச் சாதிக் கட்டுப்பாடு செய்து விலக்கி வைத்தார்கள். 1902-இல் ஜெய்ப்பூர் அரசர் மாதோ சிங், மன்னர் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போனபோது ஏறக்குறைய ஆளுயர வெள்ளிக் குடங்களில் கங்கை ஜலத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் குடங்களை இன்றும் ஜெய்ப்பூர் அரண்மனையில் பார்க்கலாம். முப்பது ஆண்டு கழித்தும் நிலைமை அப்படி என்றால் 1870-இல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆட்சியில் இருந்த இந்து அரசர்களில் முதலில் கடல் கடந்து இங்கிலாந்து போனவர் இந்த ராஜாராம்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

1870 மே மாதம் பம்பாயில் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் திறந்து ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. உடன் போனது ஒரு சிறு பரிவாரம். ஆங்கில அரசின் சார்பில் கேப்டன் எட்வர்ட் வெஸ்ட் என்ற அதிகாரி துணைக்குப் போனார். ஜூன் மாதத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். கோடை முழுவதும் பார்க்க வேண்டியவற்றையெல்லாம் பார்த்தார்கள். விக்டோரியா மகாராணியைச் சந்தித்தார். நாடாளுமன்றத்தைப் பார்த்தார். எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று அரசர் தம் கைப்படவே ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதி வந்தார். அவர் மறைந்த பிறகு, 1872-இல், கேப்டன் வெஸ்ட் அதைப் பதிப்பித்து லண்டனில் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஓர் இந்திய அரசர் தம் ஐரோப்பியப் பயணத்தைப் பற்றித் தாமே ஆங்கிலத்தில் எழுதி, அது அச்சேறியது அந்தக் காலத்தில் அபூர்வம்.

நவம்பரில் ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். சாதாரணமாக லண்டனிலிருந்து பாரிஸ் வந்து, தெற்கே மார்செய் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதுதான் சுலபம். ஆனால் அந்த ஜூலையில் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டுவிட்டது. செப்டம்பர் 19 முதல் பாரிஸ் நகரம் முற்றுகையில் இருந்தது. ஆகவே பெல்ஜியம், ஜெர்மனி என்று சுற்றிக்கொண்டு, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்கு வரவேண்டியதாயிற்று. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் பிரென்னர் கணவாய் வழியாக ரயில் பாதை 1867-இல் திறந்திருந்தது. அது ஒரு வசதிதான். ஆனால் நவம்பர்க் குளிர். தக்காணத்து வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்பு. வழியிலேயே அரசருக்கு உடல் நலம் கெட்டது. ஃபுளோரன்ஸ் வந்து சேர்ந்தபோது அவர் நோயாளியாகத்தான் வந்தார்.

அந்த நேரத்து ஃபுளோரன்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பெயர்போன நகரம் என்று நமக்குத் தெரியும். ஆனால் அப்போது அது இத்தாலியின் தலைநகரமாகவும் இருந்தது. துண்டு துண்டாகக் கிடந்த இத்தாலி ஒன்றாகி, 1865-இல் தலைநகரம் டூரினிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு வந்தது. ரோம் நகரம் அதுவரை போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. பிரான்ஸ் போரில் மாட்டிக்கொண்டதால் போப்பாண்டவருக்குக் காவலாக இருந்த பிரெஞ்சுப் படை திரும்பிப் போயிற்று. 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது. இனித் தலைநகரம் ரோம்தான் என்று ஆகிவிட்டது. அரசு அலுவலகங்கள் மூட்டை கட்டப்போகும் காலம். நம் அரசர் வந்தது, தலைநகரம் என்ற தகுதியில் ஃபுளோரன்ஸ் தன் கடைசி மாதங்களைக் கழித்துக்கொண்டிருந்த அந்த வேளையில்.

நகரத்தைச் சுற்றிப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை. தங்கியது ஆர்னோ நதிப் பக்கத்து ஓட்டலில். இத்தனை தூரம் வந்தாயிற்று. இனி ரயிலில் இத்தாலியின் தென்கோடி, அங்கிருந்து கப்பல், எகிப்து, பிறகு பம்பாய். பாதி வழிக்கும் மேல் வந்துவிட்ட மாதிரிதான். கூட இருந்தவர்கள் அந்த நாட்களில் எத்தனை முறை இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். நவம்பர் 30 அன்று அரசர் காலமானார். இருபது வயதும் ஏழு மாதமும்.

இனிமேல்தான் சிக்கல். உடலை என்ன செய்வது?

பம்பாய்க்குக் கொண்டுபோக ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். தந்தி மட்டும் இருந்தது. பம்பாயையும் லண்டனையும் இணைக்கும் கடலடித் தந்தி அதே ஆண்டு ஜூனில்தான் முழுமையாகியிருந்தது. சாவுச் செய்தியை உடனே அனுப்பலாம், சடலத்தை அனுப்ப முடியாது. அங்கேயே தகனம் செய்யலாம் என்றால், இத்தாலியில் பிணத்தை எரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. கத்தோலிக்க நாடு. புதைப்பது ஒன்றுதான் வழக்கம். எரிப்பது என்பது அங்கே மதத்துக்கும் விரோதம், ஊர் ஒழுங்குக்கும் விரோதம்.

இதற்கு முன்னால் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். ராஜா ராம்மோகன் ராய் 1833 செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் காலமானார். பூணூலைக் கடைசிவரை கழற்றாதவர். ஆனால் அவரைத் தகனம் செய்ய வழியில்லை. அவர் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள். பத்தாண்டு கழித்து வேறொரு கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கே நம் நாட்டுப் பாணியில் ஒரு மண்டபம் எழுப்பியவர் துவாரகநாத் தாகூர், கவி ரவீந்திரநாத்தின் பாட்டனார். அவரும் 1846-இல் லண்டனில் காலமானார். அவரையும் கென்சல் கிரீன் கல்லறையில் புதைத்தார்கள். இருவருமே செல்வாக்குள்ளவர்கள், ஆங்கிலேய நண்பர்கள் நிறைந்தவர்கள். ஆனால் அவர்கள் உடலுக்கு நெருப்பு கிடைக்கவில்லை.

ஆகவே ராஜாராமின் பரிவாரமும், வேறு வழியில்லை, புதைத்துவிடுவோம் என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. முன்மாதிரி இருந்தது. அவர்கள் அப்படி விடவில்லை. எங்கள் அரசரை எங்கள் முறைப்படி எரிக்க வேண்டும், அதுவும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் எரிக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

கூடுதுறை என்றால் என்ன என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. பவானிக்குப் போய்க் காவிரிக் கரையில் அப்பா அம்மாவுக்குக் கடன் கழித்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். கோலாப்பூர்க்காரர்களுக்கும் அது பழகிய விஷயம். அவர்கள் ஊர் ஆற்றின் பெயரே பஞ்சகங்கா. ஊருக்கு அருகில் ஆறுகள் கூடும் இடத்தைப் பிரயாக் என்று அழைக்கிறவர்கள். அவர்களுடைய அரசருக்கு ஆறுகள் கூடும் இடத்தில் சிதை மூட்ட வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அதை அடுத்த வீட்டு மொழி கூடத் தெரியாத ஊரில், அரசர் உயிரோடு இல்லாத நேரத்தில், ஒரு வெளிநாட்டு அரசாங்கத்திடம் கேட்டார்களே, அதுதான் பெரிது.

பிரிட்டிஷ் தூதரகத்தின் வழியாகக் கோரிக்கை போயிற்று. நகர நிர்வாகம் தனி அனுமதி கொடுத்தது. ஊருக்கு வெளியே, மேற்கே, காஷீனே என்று ஒரு பெரிய பூங்கா உண்டு. ஒரு காலத்தில் மெதிச்சி பிரபுக்களின் மாட்டுப் பண்ணையும் வேட்டைக் காடுமாக இருந்த இடம். ஆர்னோ கரையை ஒட்டி மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அந்தப் பூங்காவின் கடைக்கோடியில் முன்யோனே என்ற சிற்றாறு ஆர்னோவில் வந்து விழுகிறது. அதுதான் ஃபுளோரன்ஸின் கூடுதுறை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது கூடுதுறை என்று அன்றுவரை தெரியாது. அது வெறும் பூங்காவின் முடிவு.

நவம்பர் 30 இரவு கழிந்து டிசம்பர் 1 பிறக்கும் நள்ளிரவு நேரத்தில் உடலை அங்கே எடுத்துப் போனார்கள். நம் முறைப்படி சிதை அடுக்கி, செய்ய வேண்டிய சடங்குகளைச் செய்து தீ மூட்டினார்கள். செய்தி பரவி ஊர் மக்கள் வந்து பார்த்தார்கள். அப்படி ஒரு காட்சியை அவர்கள் வாழ்நாளில் கண்டதில்லை. அஸ்தி ஆர்னோவில் கரைக்கப்பட்டது.

இத்தாலிய மண்ணில் இதற்கு முன் சிதை எரிந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 1822-இல் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி கடலில் மூழ்கி இறந்தபோது வியாரெஜோ கடற்கரையில் அவர் உடலை நண்பர்கள் எரித்தார்கள். ஆனால் அது கடலில் ஒதுங்கிய பிணத்தால் நோய் பரவும் என்ற சுகாதார விதிக்காகச் செய்தது. ஒருவருடைய மதத்துக்கு மரியாதை தந்து, சட்டத்தை ஒரு நாள் தள்ளி வைத்து, நகரமே அனுமதித்து நடந்த தகனம் என்பது வேறு விஷயம்.

ஃபுளோரன்ஸ் ஏன் சம்மதித்தது? நான் படித்துப் பார்த்தவரையில் மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்தன என்று நினைக்கிறேன்.

ஒன்று, இறந்தவர் பிரிட்டிஷ் மகாராணியின் விருந்தாளியாக இருந்து திரும்புகிறவர். ஒரு புதிய நாடு, பெரிய வல்லரசின் தூதர் கேட்பதைச் சட்டென்று மறுக்காது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே ஓட்டலில் ஒரு கோலாப்பூர்ச் சமையற்காரர் இறந்திருந்தால் இந்த அனுமதி கிடைத்திருக்குமா என்று கேட்டால், எனக்குச் சந்தேகந்தான்.

இரண்டாவது, அன்றைய இத்தாலிய அரசுக்கும் திருச்சபைக்கும் இருந்த பகை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் போப்பாண்டவரிடமிருந்து ரோமைப் பறித்திருந்தார்கள். பாதிரியார்கள் என்ன சொல்வார்களோ என்று அஞ்சித் தயங்கும் நிலையில் அந்த அரசாங்கம் இல்லை.

மூன்றாவது, படித்தவர்கள் மத்தியில் எரிப்பதைப் பற்றிய பேச்சு அப்போதே தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1869-இல், இதே ஃபுளோரன்ஸில் கூடிய சர்வதேச மருத்துவ மாநாட்டில், சுகாதாரத்தை முன்னிட்டுப் பிணங்களை எரிக்கலாம் என்று மருத்துவர்கள் வாதாடினார்கள். அந்த ஊர்ப் பெரியவர்களின் காதுக்கு அது புதுச் சொல் அல்ல.

காரணம் எதுவாக இருந்தாலும், ஒரே நாளுக்குள் கேட்டு, ஒரே நாளுக்குள் கொடுத்தார்கள். ஓர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு எத்தனை நாள் நடக்க வேண்டும் என்று அனுபவித்துப் பார்த்த நமக்கு இதன் அருமை தெரியும்.

இதற்குப் பிறகு எரிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் மெல்ல நுழைந்தது. 1876-இல் மிலான் நகரில் தகனக் கூடம் கட்டி முதல் உடலை எரித்தார்கள். இங்கிலாந்தில் வோக்கிங் என்ற இடத்தில் 1885-இல் முதல் தகனம். திருச்சபை 1886-இல் கத்தோலிக்கர்களுக்கு இதைத் தடை செய்தது. அந்தத் தடை 1963-இல்தான் நீங்கியது. இதெல்லாம் ராஜாராமின் சிதையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மிலானில் தகனக் கூடம் வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பே, இத்தாலியின் தலைநகரத்து மக்கள் ஒரு சிதையைக் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 1874-இல், சிதை எரிந்த இடத்திலேயே ஒரு நினைவு மண்டபம் எழுந்தது. நான்கு தூண்களும் மேலே குவிமாடமுமாக நம் வடநாட்டுச் சத்திரி அமைப்பு. உள்ளே தலைப்பாகையும் நகைகளும் அணிந்த அந்த இளைஞரின் மார்பளவுச் சிலை, வண்ணத்தோடு. சிலையைச் செய்தவர் ஃபுளோரன்ஸில் வாழ்ந்த சார்லஸ் ஃபிரான்சிஸ் ஃபுல்லர் என்ற ஆங்கிலச் சிற்பி. பீடத்தில் இத்தாலியம், ஆங்கிலம் ஆகியவற்றோடு இந்திய எழுத்துகளிலும் வாசகங்கள் பொறித்திருக்கிறார்கள்.

மண்டபத்தை வடிவமைத்தவர் சார்லஸ் மேண்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். கோலாப்பூர்ப் புது அரண்மனையும் பரோடா லட்சுமி விலாஸ் அரண்மனையும் அவர் வரைந்தவை. 1881-இல் அவர் காலமானபோது பாதியில் நின்ற பரோடா அரண்மனையைக் கட்டி முடித்தவர் நம் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த ராபர்ட் சிசோம். சேப்பாக்கத்து செனட் ஹவுஸைக் கட்டியவர்.

அரசர்கள் உடல் எரிந்த இடத்தில் நினைவுக் கட்டடம் எழுப்புவது நமக்குப் புதிதல்ல. சோழர் காலத்துப் பள்ளிப்படைக் கோயில்கள் இருக்கின்றன. தஞ்சாவூரில் மராட்டிய அரசர்களின் சமாதிகள் உள்ள ராஜாகோரியைப் பார்த்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். ஆனால் அவையெல்லாம் சொந்த மண்ணில் எழுந்தவை.

இப்போது கோலாப்பூருக்குத் திரும்புவோம். ராஜாராமுக்கு ஆண் வாரிசு இல்லை. மறுபடியும் தத்து. நான்காம் சிவாஜி என்று பெயர் சூட்டி ஒரு சிறுவனைப் பட்டத்தில் உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளைக்குப் புத்தி சரியில்லை என்று ஆங்கிலேய அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். அரண்மனையில் அவர் கொடுமைப்படுத்தப்படுகிறார் என்று ‘கேசரி’, ‘மராட்டா’ பத்திரிகைகள் எழுதின. அதற்காகத் திலகரும் அகர்கரும் 1882-இல் 101 நாள் சிறையில் இருந்தார்கள். திலகரின் முதல் சிறைவாசம் அதுதான். கடைசியில் அந்த அரசரை அகமத்நகர்க் கோட்டையில் கொண்டுபோய் அடைத்தார்கள். 1883 டிசம்பர் 25 அன்று, காவலுக்கு இருந்த ஓர் ஆங்கிலச் சிப்பாயோடு நடந்த கைகலப்பில் அவர் உயிர் போயிற்று. அவருக்கும் வயது இருபதுதான்.

இந்த இரண்டு சாவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனத்துப் போகிறது. ஒருவர் மொழி தெரியாத, மதம் வேறான, பிறந்த மண்ணிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளிய ஊரில் இறந்தார். அவருக்காக அந்த ஊர் தன் சட்டத்தையே ஒரு நாள் ஒதுக்கி வைத்தது. இன்னொருவர் தம் சொந்த மண்ணில், தம்மைக் காப்பதாகச் சொன்னவர்கள் கையில் இருந்தபோதே இறந்தார். அயலூர் என்பது எது, சொந்த ஊர் என்பது எது என்பதைத் தூரத்தை வைத்து மட்டும் அளந்துவிட முடியாது போலிருக்கிறது.

மூன்றாவது முறையும் தத்து எடுத்தார்கள். 1884-இல் வந்த அந்தப் பிள்ளைதான் ஷாகு மகராஜ். 1902-இல் அரசுப் பணிகளில் ஐம்பது விழுக்காட்டைப் பின்தங்கிய வகுப்பினருக்கு ஒதுக்கி ஆணை பிறப்பித்தவர். பிற்பாடு அம்பேத்கருக்குத் துணை நின்றவர். அவர் பெயர் இந்தியா முழுவதும் தெரியும். அவருக்கு முன் பட்டத்தில் இருந்து இளம் வயதில் போன இருவரின் பெயரும் அந்த வெளிச்சத்தில் மங்கிவிட்டன. கோலாப்பூரில் ராஜாராம் கல்லூரி என்ற பழைய கல்லூரி ஒன்று அந்த இளைஞர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஃபுளோரன்ஸில் அவர் பெயர் வேறு விதமாக நின்றது. அந்த ஊர்க்காரர்களுக்கு ராஜாராம் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. அவர்கள் ‘இந்தியானோ’ என்றார்கள், அதாவது இந்தியர். மண்டபத்துக்கு அந்தப் பெயர். அருகிலிருந்த உணவு விடுதிக் கட்டடத்துக்கும் அந்தப் பெயர். 1970-களில் அந்த இடத்துக்கு அருகே ஆர்னோவின் மேல் கம்பிகளில் தொங்கும் பெரிய பாலம் ஒன்று கட்டினார்கள். அதற்கும் இந்தியானோ பாலம் என்றே பெயர் வைத்தார்கள். தினமும் லாரிகளும் கார்களும் அதன்மேல் போகின்றன. வானொலியில் போக்குவரத்துச் செய்தி வாசித்தால் இந்தியானோவில் நெரிசல் என்று வாசிக்க வேண்டியிருக்கும். அரசர் என்பது போய், பெயரும் போய், இந்தியர் என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு சுற்றுலாப் பயணிக்கு ஓர் ஊர் தரக்கூடிய இடம் இதைவிடப் பெரிதாக இருக்க முடியுமா?

இதே போன்ற இன்னொரு சத்திரி இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கிறது. முதல் உலகப் போரில் காயப்பட்டு அந்த ஊர் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை அங்கே எரித்தார்கள். 1921-இல் நினைவு மண்டபம் திறந்தார்கள். ராஜாராம் அரசர் என்பதால் கிடைத்த மரியாதை, அரை நூற்றாண்டுக்குள் சாதாரணச் சிப்பாய்க்கும் கிடைத்தது. மெதுவாக வந்தாலும் வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தவர்கள் மகாராணியும் அல்ல, மேயரும் அல்ல, சிற்பியும் அல்ல. அன்றைக்கு அந்த ஓட்டல் அறையில் நின்றிருந்த பரிவாரத்துப் பணியாளர்கள்தான். தலைவர் போய்விட்டார். கட்டளையிட ஆள் இல்லை. ஊருக்குப் போனால், கடல் தாண்டியவர்கள் என்று அவர்களையே ஒதுக்கி வைத்தாலும் வைப்பார்கள். இத்தனைக்கும் நடுவில், எது முறையோ அதைக் கேட்டுப் பார்ப்போம் என்று வாய் திறந்தார்கள். இறந்தவர் தமக்காகப் பேச முடியாது. கூட இருக்கிறவர்கள்தான் பேச வேண்டும். அதை அவர்கள் செய்தார்கள்.

நம்மில் யாருக்காவது பிள்ளைகள் இத்தாலிப் பக்கம் இருந்து, ஃபுளோரன்ஸ் போகும் வாய்ப்பு அமைந்தால், எல்லோரும் பார்க்கும் ஓவியக் கூடங்களைப் பார்த்துவிட்டு, ஒரு மாலை காஷீனே பூங்காவுக்கும் போய்வாருங்கள். கொஞ்சம் நீளமான நடை. நிழல் உண்டு, மெதுவாக நடக்கலாம். பூங்கா முடிந்து இரண்டு ஆறுகளும் சேரும் இடத்தில் அந்த இளைஞர் தலைப்பாகையோடு இருக்கிறார்.